காட்டாத கார்டு

நார்த் லூன் முதியோர் இல்லத்தில் பகல் வேலை ஒன்று காலியாக இருக்கிறது என்று மா கோர்ட்டோவிடம் சொன்னவன் நான்தான். ஆகவே பிறகு நடந்ததில் கொஞ்சம் பழி என்னைச் சேரும். மிச்சம் முழுவதும் நார்த் லூனைச் சேரும்.

என் பெயர் வர்னி. அங்கே சலவைப் பகுதியில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். புரூக்ளின் பார்க்கில் குடியிருக்கும் எங்கள் லைபீரியச் சனத்தில் பாதிப் பேர் மினசோட்டாவின் கிழவர்களைக் குளிப்பாட்டுகிறோம். மீதிப் பேர் அவர்கள் துணியைத் துவைக்கிறோம். மா கோர்ட்டோ முதல் பாதியைச் சேர்ந்தவர். இருபத்திரண்டு வருட அனுபவம். மருந்தைத் துப்புகிற கிழவர், செவிலியைக் கிள்ளுகிற கிழவி எல்லாரும் அவரிடம் மட்டும் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவார்கள். நேர்முகத்துக்கு வந்த அன்று, மூன்று நாளாகக் குளிக்க மறுத்த ஒரு தாத்தாவை அரை மணியில் குளிப்பாட்டித் தலை சீவி உட்கார வைத்துவிட்டார். தலைமைச் செவிலி அங்கேயே கை கொடுத்து, "திங்கக்கிழமை வந்துருங்க" என்றார்.

மா கோர்ட்டோ பழைய வேலையை ராஜினாமா செய்துவிட்டு வந்தார். அதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் கணவர் கெர்குலாவுக்கு இருதயத்தில் கோளாறு. அவருடைய மருந்து, மருத்துவர், மாதாந்தரப் பரிசோதனை எல்லாம் மனைவியின் வேலையோடு வருகிற காப்பீட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. பழைய காப்பீடு மாதக் கடைசியில் முடிகிறது. புது வேலை நிலைத்தால் புதுக் காப்பீடு. நிலைக்காவிட்டால் கடவுள்தான் காப்பீடு.

இந்த நாட்டில் யார் வேலைக்குச் சேர்ந்தாலும் ஐ-9 என்று ஒரு படிவம் உண்டு. முன்பாதியில் நான் இன்னார், இங்கே வேலை செய்ய உரிமை உள்ளவர் என்று தொழிலாளி எழுத வேண்டும். பின்பாதியில், ஆமாம், சான்றைப் பார்த்தேன் என்று முதலாளி எழுத வேண்டும். அதற்கு மூன்று வேலை நாள் கெடு; நார்த் லூனில் சேர்ந்த நாளையும் சேர்த்தே எண்ணுவார்கள், அதற்குள் முடியாவிட்டால் வேலை இல்லை. எந்தச் சான்றைக் காட்டலாம் என்று படிவத்தோடு ஒரு பட்டியலும் வரும். கிரீன் கார்டு மாதிரி ஒன்றைக் காட்டினால் அது மட்டும் போதும். இல்லாவிட்டால் இரண்டு: ஓட்டுநர் லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும் காட்டினால் முடிந்தது. எதைக் காட்டுவது என்பது தொழிலாளியின் விருப்பம் என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. அச்சடித்ததைப் படிப்பது யார் பொறுப்பு என்றுதான் எங்கும் அச்சடிக்கவில்லை.

திங்கட்கிழமை காலை மா கோர்ட்டோ மனிதவள அலுவலகத்தில் போய் உட்கார்ந்தார். அந்த அலுவலகம் டார்லீன் அம்மையாரின் ராஜ்யம். நல்ல மனுஷி. இந்த ஊரில் எல்லாரும் நல்ல மனுஷர்கள்தான். கழுத்தில் கயிறு போடும்போதுகூட இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் இழுப்பார்கள். மேசைமேல் அவர் வீட்டில் செய்த இனிப்புத் துண்டுகள் ஒரு தட்டில் எப்போதும் இருக்கும். வேலைக்குச் சேர்ந்தாலும் ஒன்று, வேலை போனாலும் ஒன்று.

மா கோர்ட்டோ படிவத்தில் 'நிரந்தரவாசி' என்ற கட்டத்தில் குறி போட்டு, தன் எண்ணையும் எழுதி, லைசென்ஸையும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையையும் மேசைமேல் வைத்தார்.

"இது இல்லீங்க" என்றார் டார்லீன், சிரித்துக்கொண்டே. "கிரீன் கார்டு."

"இது ரெண்டும் போதும்ங்க. பட்டியல்ல இருக்கு."

"நீங்க நிரந்தரவாசின்னு குறி போட்டிருக்கீங்களே. நிரந்தரவாசின்னா கிரீன் கார்டுதான். கம்ப்யூட்டர்லயே அப்படித்தான் வருது. பாருங்க, வேற எதையும் எழுத விட மாட்டேங்குது."

"கம்ப்யூட்டர் விடலன்னா கையால எழுதுங்க. நானும் கையாலதானே எழுதினேன்."

"கார்டு உங்ககிட்ட இல்லையா?"

"இருக்கு. இந்தப் பையிலயே இருக்கு. எப்பவும் கூடவே வச்சிருக்கணும்னு சட்டம்."

"அப்போ காட்டிடலாமே!"

"உங்களுக்குக் காட்டணும்னு சட்டம் இல்லையே."

டார்லீன் அம்மையாரின் சிரிப்பு முகத்தில் அப்படியே இருந்தது. ஆனால் அதற்குப் பின்னால் யாரும் இல்லை. அவர் படிவத்தை மறுபடி பார்த்தார். பிறந்த நாடு லைபீரியா என்று இருந்தது. உடனே எல்லாம் விளங்கிவிட்டது. இந்த அம்மாவுக்கு மொழிப் பிரச்சினை.

ஐந்து நிமிடத்தில் சலவை அறையில் தொலைபேசி அடித்தது. "வர்னி, நீங்களும் லைபீரியாதானே? கொஞ்சம் வந்து மொழிபெயர்த்துக் குடுங்களேன்."

எங்கள் நாட்டில் ஆட்சி மொழி ஆங்கிலம். நூற்றெழுபது வருடத்துக்கு மேலாக அதுதான். மா கோர்ட்டோ பள்ளியில் ஆங்கிலத்தில் பேச்சுப் போட்டிப் பரிசு வாங்கியவர். அதைச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஆனால் இந்த ஊரில் மேலதிகாரி ஒரு காரியத்தை அன்போடு கேட்டால் மறுப்பது அநாகரிகம். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"அவங்ககிட்ட சொல்லுங்க" என்றார் டார்லீன், ஆங்கிலத்தில். "எங்க பதிவுகள் முழுமையா இருக்கறதுக்காக, ஒரு வசதிக்காக, அந்த ஆவணத்தைப் பகிர்ந்துகிட்டா நல்லா இருக்கும்னு நாங்க நினைக்கிறோம்."

நான் மா கோர்ட்டோ பக்கம் திரும்பி, அதே ஆங்கிலத்தில், கொஞ்சம் உரக்கச் சொன்னேன். "கார்டக் காட்டலன்னா விட மாட்டாங்களாம்."

"அது எனக்கே கேட்டுச்சு. காட்டலன்னு சொல்லு."

"காட்டலயாம்" என்றேன் டார்லீனிடம்.

"ஏன்னு கேளுங்க."

"ஏன்னு கேக்கறாங்க."

"பட்டியல்ல இருக்கறத ஏற்கெனவே காட்டிட்டேன்னு சொல்லு."

இப்படி இருபது நிமிடம் ஆங்கிலத்திலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்த்தேன். டார்லீன் அம்மையார் என் உதவிக்கு மனமார நன்றி சொல்லி ஓர் இனிப்புத் துண்டும் கொடுத்தார். "உங்க ஆங்கிலம் ரொம்ப நல்லா இருக்கு, வர்னி. அவங்களும் கத்துக்கலாம்" என்றார்.

மாலையில் மா கோர்ட்டோ காரை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"மா, உங்க கார்டு நல்லாத்தானே இருக்கு?"

பையைத் திறந்து காட்டினார். புத்தம் புதுசு. இன்னும் ஒன்பது வருடத்துக்குச் செல்லும்.

"பின்ன என்ன? தூக்கி வீசிட்டு வேலையைப் பாருங்களேன். கெர்குலா பாவம் இல்லையா? நான் எத்தனை தடவை காட்டியிருக்கேன் தெரியுமா? பின்பக்கத்தைக்கூட நகல் எடுத்தாங்க. நான் என்ன தேஞ்சா போயிட்டேன்?"

"நீ தேயல, வர்னி. நீ துணி துவைக்கற. நான் பாத்துக்கிட்ட ஆளு ஒண்ணு செத்துப்போச்சு."

அப்போதுதான் சொன்னார். பழைய இடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது அப்போதிருந்த கிரீன் கார்டைத்தான் காட்டினார். அதன்மேல் இருந்த தேதியைக் குறித்து வைத்துக்கொண்டார்கள். போன வருடம் அந்தத் தேதி வந்ததும், புது அட்டை வரும்வரை உள்ளே வரக்கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். அட்டைக்குத்தான் தேதி, குடியிருக்கும் உரிமைக்குத் தேதி இல்லை. அது அவர்களுக்கும் தெரியவில்லை, இவருக்கும் தெரியவில்லை. ஏழு வாரம். அங்கே எல்மர் என்று ஒரு தாத்தா. நான்கு வருடமாக மா கோர்ட்டோ கையால்தான் சாப்பிடுவார். வேறு யார் ஊட்டினாலும் வாயை மூடிக்கொள்வார். மூன்றாவது வாரம் மா கோர்ட்டோ, தலைமாட்டில் உட்கார்ந்து ஊட்டிவிட்டு மட்டும் போகிறேன், சம்பளம் வேண்டாம் என்று வாசலில் போய்க் கேட்டிருக்கிறார். உள்ளே விடவில்லை. ஐந்தாவது வாரம் எல்மர் இறந்துபோனார்.

"அப்புறம் சட்ட உதவி அலுவலகத்துல ஒரு பொண்ணு சொன்னா, நிரந்தரவாசிகிட்ட மறுபடி அட்டை கேக்கவே கூடாதாம். அப்படி நிறுத்தினதே தப்பாம். எனக்கு அன்னைக்குத் தெரியல, வர்னி. தெரிஞ்சிருந்தா அந்த வாசல்லயே படுத்திருப்பேன். இப்பத் தெரியும். தெரிஞ்சும் காட்டினா, அந்த மனுஷனை நானும் சேர்ந்து பட்டினி போட்ட மாதிரி."

நான் என் காரில் ஏறினேன். அன்றைக்கு எனக்கு அவர்மேல் மரியாதையைவிட எரிச்சல்தான் அதிகம் இருந்தது. சாமி வரம் கொடுத்துவிட்டது, பூசாரி கேட்பதையும் கொடுத்துத் தொலைத்தால் என்ன என்று தோன்றியது. ஒன்பது வருடமாக அப்படித்தான் எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை நிலைமை முன்னேறியது. இல்லத்தில் ஆள் பற்றாக்குறை. இரண்டு பேர் செய்யும் வேலையை ஒருத்தி செய்துகொண்டிருந்தாள். மா கோர்ட்டோவை மாடிக்கு அனுப்பக்கூடாது என்று உத்தரவு. சும்மாவும் விடக்கூடாது. ஆகவே பயிற்சி அறையில் ஒரு கம்ப்யூட்டர் முன் உட்காரவைத்துக் கட்டாயப் பாடங்களைப் படிக்கச் சொன்னார்கள். தீ விபத்தில் என்ன செய்வது, கை கழுவுவது எப்படி, பன்றிக் காய்ச்சல் வந்தால் யாருக்குச் சொல்வது. ஆறாவது பாடத்தின் தலைப்பு, 'பணியமர்த்தலில் பாரபட்சம் தவிர்ப்போம்'. அதன் முடிவில் ஒரு கேள்வி வந்தது: நிரந்தரவாசி ஒருவரிடம் கிரீன் கார்டைத்தான் காட்ட வேண்டும் என்று முதலாளி வற்புறுத்தலாமா? சரியா, தவறா?

மா கோர்ட்டோ 'தவறு' என்று அழுத்தினார். திரையில் வாண வேடிக்கை வெடித்தது. நூற்றுக்கு நூறு. சான்றிதழ் தானாகவே அச்சாகி டார்லீன் அம்மையாரின் அறையிலிருந்த இயந்திரத்தில் போய் விழுந்தது. டார்லீன் அதை எடுத்து, கையெழுத்துப் போட்டு, நல்ல சட்டத்தில் மாட்டிக்கொண்டுவந்து கொடுத்து, "அருமை!" என்று கைதட்டினார்.

"இதைப் படிச்சீங்களா?" என்று மா கோர்ட்டோ கேட்டார்.

"நான் அஞ்சு வருஷமா நூத்துக்கு நூறு" என்றார் டார்லீன் பெருமையாக. "விடைத்தாள் எல்லாருக்கும் மின்னஞ்சல்ல வருமே. உங்களுக்கு வரலையா?"

மதியம் பன்முகத்தன்மைப் பிரிவிலிருந்து ஒரு பெண் பெரிய கேமராவுடன் வந்தாள். நார்த் லூனில் எத்தனை நாட்டு ஊழியர்கள் மகிழ்ச்சியாகப் பணிபுரிகிறார்கள் என்று காட்டப் பதாகை ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்காவுக்கு என்னைத்தான் எடுத்திருந்தார்கள். ஆனால் நான் சிரித்தது போதவில்லையாம். மா கோர்ட்டோவைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. தலைத்துணியைச் சரிசெய்யச் சொன்னாள். ஒரு காலிச் சக்கர நாற்காலியைக் கொடுத்துத் தள்ளச் சொன்னாள். நாற்காலியில் யாரையாவது உட்காரவைக்கலாமே என்று கேட்டதற்கு, இன்னும் வேலை செய்ய அனுமதி இல்லாததால் முதியவர் யாரையும் தொடக்கூடாது என்றாள்.

நான்கு மணிக்கெல்லாம் பதாகை வாசலில் ஏறிவிட்டது. பன்னிரண்டு அடி உயரத்தில் மா கோர்ட்டோ. கீழே, 'பதினான்கு நாடுகள், ஒரே குடும்பம்'. மா கோர்ட்டோ அதன் அடியில் நின்று கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"பாரு வர்னி, அவளுக்கு வேலை கிடைச்சிருச்சு. எனக்குத்தான் கிடைக்கல" என்றார்.

வீட்டில் கெர்குலா அன்றைக்கு மரவள்ளி இலைக் கறி சமைத்து வைத்திருந்தார். நானும் சாப்பிட்டேன். அவரை விட்டாவது சொல்லச் சொல்லலாம் என்றுதான் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு மார்பைத் தடவிக்கொண்டார்.

"எனக்காகக் காட்டாதே, கோர்ட்டோ" என்றார். "அப்புறம் நான் ஒவ்வொரு மாத்திரை முழுங்கும்போதும் அது தொண்டைல நிக்கும். ஆனா ஒண்ணு, நாளைக்கு மூணாவது நாள். அதை மட்டும் மறந்துராதே."

மா கோர்ட்டோவின் சோறு அப்படியே தட்டில் இருந்தது. அவருக்கும் பயம் இருந்தது என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புதன்கிழமை பிற்பகல், தலைமையகத்திலிருந்து ரோல்ஃப் ஸ்டென்ஸ்ரூட் வந்தார். இணக்கப் பிரிவின் இயக்குநர். சட்டத்தோடு நிறுவனம் இணங்கிப்போகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. இதுவரை சட்டம்தான் அவரோடு இணங்கிப்போயிருக்கிறது. கூட்ட அறையில் அவர், டார்லீன், மா கோர்ட்டோ, மொழிபெயர்ப்பாளனாக நான். நடுவில் சிகாகோவிலிருக்கும் நிறுவன வழக்கறிஞர் அம்மாவோடு பேசுவதற்கான தொலைபேசி ஒலிபெருக்கி. அவர் இன்னும் தொடர்பில் வரவில்லை. பக்கத்தில் இனிப்புத் தட்டு. அதில் ஒரே ஒரு துண்டு.

மினசோட்டாவில் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டார்கள். அது பண்பு. ரோல்ஃப் அதைப் பாதியாக வெட்டி ஒரு பாதியை எடுத்துக்கொண்டார். டார்லீன் மிச்சத்தைப் பாதியாக்கினார். நானும் ஒன்பது வருடம் இங்கே இருந்தவன், என் பங்குக்கு ஒரு பாதி. தட்டில் விரல் நகம் அளவுக்கு ஒன்று மிஞ்சியது.

ரோல்ஃப் தொண்டையைச் செருமினார். "முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். நார்த் லூன் யாரையும் வேறுபடுத்திப் பாக்கறது இல்ல. வெளிநாட்டுல பொறந்தவங்க எல்லார்கிட்டயும், ஒருத்தர் விடாம, ஒரே மாதிரி கார்டு கேக்கறோம். அதுல நாங்க ரொம்பக் கண்டிப்பு."

என்னைப் பார்த்தார். நான் திரும்பினேன். "எல்லா வெளிநாட்டுக்காரங்களையும் ஒரே மாதிரிதான் சந்தேகப்படறாங்களாம், மா."

"இங்கயே பொறந்தவங்ககிட்ட என்ன கேக்கறாங்கன்னு கேளு."

"லைசென்ஸும் சோஷியல் செக்யூரிட்டி அட்டையும்" என்றார் டார்லீன், மொழிபெயர்ப்புக்குக் காத்திராமல்.

"நானும் அதே ரெண்டைத்தானே குடுத்தேன்!"

"அது வேற. 'நிரந்தரம்'ங்கறத நாங்க ரொம்ப மதிக்கறோம்" என்றார் ரோல்ஃப். "அதனாலதான் ஒவ்வொருத்தர் நிரந்தரமும் என்னைக்கு முடியுதுன்னு குறிச்சு வைக்கறோம்."

"நேத்து நான் ஒரு பரீட்சை எழுதினேன்" என்று மா கோர்ட்டோ சான்றிதழை மேசைமேல் வைத்தார். "இப்படிக் கேக்கறது தப்புன்னு சொன்னதுக்கு நூத்துக்கு நூறு குடுத்தீங்க."

ரோல்ஃப் அதைப் பிரியத்தோடு தடவினார். "அந்தப் பாடத்தை எழுதினதே நான்தான். நல்லா இருந்துச்சா? ஆனா அது பாடம். இது நடைமுறை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கக்கூடாது. நீங்க ஏன் குடியுரிமைக்கே விண்ணப்பிக்கக்கூடாது?"

"அந்தக் கேள்வி படிவத்துல எந்தக் கட்டத்துல இருக்கு?"

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. சிகாகோ வந்துவிட்டது. அந்த அம்மாவுக்கு நிமிடக் கணக்கில் கட்டணமாம். ஆகவே நேராக விஷயத்துக்கு வந்தார்.

"அவங்க என்ன காட்டினாங்க?"

"லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி அட்டை" என்றார் ரோல்ஃப்.

"அட்டைல வேலைக்குக் கட்டுப்பாடுன்னு எதுவும் எழுதியிருக்கா?"

"இல்ல."

"சரி. அப்புறம்?"

"அவங்க நிரந்தரவாசி."

"அப்புறம்?"

"கிரீன் கார்டைக் காட்ட மாட்டேங்கறாங்க."

ஒலிபெருக்கியில் தாள் புரட்டும் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு கட்டணம் ஓடியதோ.

"காட்டச் சொல்லி யாராவது எழுத்துல கேட்டீங்களா?"

"பதினோரு மின்னஞ்சல்" என்றார் டார்லீன். "எல்லாமே மரியாதையாத்தான்."

"எங்கிட்ட இவ்வளவு கேக்கறீங்களே, உங்க ரெண்டு பேர்கிட்ட யாராவது இப்படிக் கேட்டாங்களா?" என்று மா கோர்ட்டோ இடையில் புகுந்தார். அவர் பார்வை டார்லீன் மேல் இருந்தது. "டார்லீன், நீங்க அமெரிக்கப் பிரஜைன்னு அந்தப் படிவத்துல குறி போட்டீங்கல்ல? அதை எதை வச்சு நம்பினாங்க?"

"நான் இங்கதானே பொறந்தேன்."

"யாருக்குத் தெரியும்?"

"என்னைப் பாத்தாலே தெரியலையா?" என்றார் டார்லீன்.

சொன்ன பிறகுதான் அது என்னவென்று அவர் காதில் விழுந்தது. கழுத்திலிருந்து நெற்றிவரை சிவந்துவிட்டார். ரோல்ஃப் கூரையைப் பார்த்தார்.

"யாரும் இனிமே வாயைத் திறக்காதீங்க" என்றார் சிகாகோ. "எதையும் எழுதாதீங்க. அந்தப் படிவத்தை மட்டும் எழுதுங்க. இப்பவே." தொடர்பு அறுந்தது.

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆனால் இணக்கப் பிரிவு இயக்குநர் என்றால் சும்மா இல்லை. சிகாகோ போனதும் ரோல்ஃப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். இந்த மாதிரி நேரத்துக்கென்றே தயாராக வைத்திருப்பது போலிருந்தது.

"மகிழ்ச்சியான செய்தி. உங்க விஷயத்துல நிறுவனம் விதிவிலக்கு அளிக்க முடிவு பண்ணியிருக்கு. இதுல ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

மா கோர்ட்டோ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார். நிறுவனம் பெருந்தன்மையுடன் அளிக்கும் இந்தச் சலுகைக்கு நான் நன்றி தெரிவிக்கிறேன். இதைப் பிற ஊழியர்களிடம் வெளியிட மாட்டேன். மணி நான்கு இருபது. டார்லீன் அம்மையார் நான்கரைக்கு மேல் ஒரு நிமிடம் இருந்ததாகச் சரித்திரம் இல்லை.

"மா" என்றேன். "கெலிச்சாச்சு. கையெழுத்துத்தானே, போட்டுடுங்க." அதை நான் மொழிபெயர்ப்பாகச் சொல்லவில்லை. கெர்குலாவை நினைத்துச் சொன்னேன்.

அவர் தாளை ரோல்ஃப் பக்கம் தள்ளினார். "சட்டப்படி என்னோடதை உங்க சலுகைன்னு வாங்கிக்கிட்டா, நாளைக்குத் திருப்பிக் கேப்பீங்க. இது வேணாம். படிவத்தை எழுதுங்க."

"கையெழுத்து இல்லாம எங்களால முடியாது."

"முடியலன்னா, ஏன் முடியலன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. அதை எங்க காட்டணுமோ அங்க காட்டிக்கறேன். எனக்குத்தான் காட்டறதுல ஒண்ணும் சங்கடம் இல்லையே." கை நீட்டித் தட்டில் மிச்சமிருந்த அந்தக் கடைசித் துணுக்கை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். டார்லீன் அம்மையார் மூச்சை இழுத்துக்கொண்டார். அவர் பணிக்காலத்தில் அந்த மேசையில் யாரும் அப்படிச் செய்ததில்லை.

நான்கு இருபத்தெட்டுக்கு டார்லீன்தான் பேனாவை எடுத்தார். ரோல்ஃபைப் பார்க்கவில்லை. லைசென்ஸ் எண்ணை எழுதினார். சோஷியல் செக்யூரிட்டி எண்ணை எழுதினார். கையெழுத்துப் போட்டார். கம்ப்யூட்டர் விடாது என்று மூன்று நாள் அழுத காரியம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது.

"மூணு மாசம் தகுதிகாண் காலம்" என்றார் ரோல்ஃப், கோட்டை மாட்டிக்கொண்டே. "அதுக்குள்ள காரணமே சொல்லாம யாரை வேணும்னாலும் அனுப்பலாம். இது மிரட்டல் இல்ல. தகவல்." என்னைப் பார்த்து, "மொழிபெயர்த்துடுங்க" என்றார்.

"மிரட்டறாரு, மா" என்றேன்.

மறுநாள் மா கோர்ட்டோ மாடிக்குப் போனார். ஒரே வாரத்தில் இரண்டாம் மாடிக் கிழவர்கள் வேறு யார் கையிலும் கஞ்சி குடிக்க மறுத்தார்கள். மாதக் கடைசியில் கெர்குலாவுக்குப் புதுக் காப்பீட்டு அட்டையும் வந்தது.

ரோல்ஃப் தோற்றுப்போனவர் போல இருக்கவில்லை. ஒரு கதவு அடைத்தால் இன்னொரு கதவை இழுப்பவர் அவர். அடுத்த மாதம் பதினோரு பேருக்குக் கடிதம் வந்தது. எல்லாரும் கிரீன் கார்டைக் காட்டி வேலைக்குச் சேர்ந்து, அதன் தேதி நெருங்கியவர்கள். அதில் நானும் ஒருவன். என் கடிதம் இப்படி: 'தங்கள் நிரந்தரம் இம்மாதம் முப்பதாம் தேதியுடன் முடிவடைவதாக எங்கள் பதிவுகள் காட்டுகின்றன. வெள்ளிக்கிழமைக்குள் புதிய அட்டையைக் கொண்டுவராதவர்களின் பெயர் பணி அட்டவணையிலிருந்து நீக்கப்படும்.' நான் புதிய அட்டைக்கு எழுதிப்போட்டு ஐந்து மாதமாகிறது. இன்னும் வரவில்லை. சலவை அறையில் சமையற்கட்டு யூசேபியோ தன் கடிதத்தை வைத்துக்கொண்டு அழுதே விட்டான்.

நான் மா கோர்ட்டோவிடம் ஓடினேன். அவர் ஒரு பாட்டிக்குக் கால் உறை மாட்டிக்கொண்டிருந்தார். கடிதத்தை ஒரு முறை படித்தார்.

"வெள்ளிக்கிழமை என்ன கொண்டுபோகட்டும், மா? பழைய அட்டையா? விண்ணப்பிச்ச ரசீதா? வக்கீல் கடிதமா?"

"ஒண்ணும் கொண்டுபோகாத."

"வெறுங்கையோடயா?"

"ஒரு தடவை காட்டியாச்சுல்ல? அதோட தீர்ந்துது. நிரந்தரவாசிகிட்ட ரெண்டாவது தடவை கேக்கறதுக்கு அவங்களுக்கு வழியே இல்ல. ரசீதைக் காட்டினா, கேக்கலாம்னு நீயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். எல்லார்கிட்டயும் சொல்லு. ஒரு சீட்டுகூடக் கையில இருக்கக்கூடாது."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு மனிதவள அலுவலகத்தின் வாசலில் பதினோரு பேர் வரிசையில் நின்றோம். எட்டு மணி என்பது காலை உணவு நேரம். சமைக்கிறவன், பரிமாறுகிறவள், சக்கர நாற்காலி தள்ளுகிறவள் எல்லாரும் இங்கே நிற்கவே, மேலே அறை அறையாக அழைப்பு மணி அடிக்க ஆரம்பித்தது. டார்லீன் அம்மையார் கையில் பெயர்ப் பட்டியலுடன் கதவைத் திறந்தார். உள்ளே ரோல்ஃப் உட்கார்ந்திருந்தார். முதல் ஆள் நான். ஒன்பது வருடத்தில் இவர்கள் கேட்ட எதையும் நான் கொடுக்காமல் இருந்ததில்லை.

"வர்னி, புதுக் கார்டு?"

"இல்ல."

"பழசாவது?"

"அதையும் காட்டறதுக்குக் கொண்டுவரல."

"அப்போ என்னதான் கொண்டுவந்தீங்க?"

கையை விரித்துக் காட்டினேன். சோப்பு நீரில் ஊறி வெளுத்த இரண்டு உள்ளங்கைகள்.

"இவர் என்ன சொல்றாரு?" என்று உள்ளேயிருந்து ரோல்ஃப் குரல் கொடுத்தார்.

"கேக்க உங்களுக்கு உரிமை இல்லைங்கறேன்" என்றேன் நான். இந்த முறை யாருக்காகவும் மொழிபெயர்க்கவில்லை.

டார்லீன் அம்மையார் என்னைப் பார்த்தார். உள்ளே திரும்பி ரோல்ஃபைப் பார்த்தார். பிறகு என் பெயருக்கு எதிரே 'ஒன்றும் இல்லை' என்று எழுதி, "வேலைக்குப் போங்க" என்றார், குரலைத் தாழ்த்தி. அடுத்தது யூசேபியோ. வெறுங்கை. ஒன்றும் இல்லை. அடுத்தது வெறுங்கை. தலைமைச் செவிலி மாடிப்படியில் நின்று, "கஞ்சி எங்கே? எண்பத்துநாலு பேர் காத்திருக்காங்க!" என்று கத்தினார். டார்லீன் வேகமாக எழுதினார். பதினொன்றாவது பெயரையும் எழுதிவிட்டுப் பேனாவை மூடி நிமிர்ந்தார்.

வரிசையில் இன்னும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

"மா கோர்ட்டோ, உங்களுக்குத்தான் கடிதமே வரலையே" என்றார் டார்லீன். உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அவர் பாக்கறாரு. தகுதிகாண் காலம் இன்னும் முடியல. தயவுசெஞ்சு போயிடுங்க. நீங்க எதுக்கு நிக்கறீங்க?"

"நானும் ஒண்ணும் கொண்டுவரல, டார்லீன்" என்றார் மா கோர்ட்டோ. "அதைக் காட்டிட்டுப் போகலாம்னுதான்."